இருபது உயிரில் இருந்து மீண்டு வருவது எப்படி? சீல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அழியும் நிலையில் உள்ள சீல்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு வரும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கலாம் என்று தோன்றியது, அதுதான் இது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். முடிந்தால் மேலிருந்து வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுத்தான் போகும்.

சீல்னா நீர்நாய்தானே?

இல்லை. நீர்நாய் ஆற்றிலும் குளத்திலும் திரியும், நான்கு கால் உள்ள விலங்கு. சீலைச் சிலர் கடல்நாய் என்று எழுதுவார்கள், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சீலுக்குக் கால்கள் துடுப்பாக மாறியிருக்கும், தோலுக்கு அடியில் தடிமனான கொழுப்பு இருக்கும். வாழ்க்கையில் பெரும்பகுதி கடலில் கழிந்தாலும் குட்டி போடவும் ஓய்வெடுக்கவும் கரைக்கோ பனிக்கட்டிக்கோ ஏறியே ஆக வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவை அழிந்ததற்கும் பிழைத்ததற்கும் காரணம் அதுதான்.

ஹவாய் மக்களும் தங்கள் தீவுச் சீலை நாய் என்றுதான் அழைக்கிறார்கள். அவர்கள் மொழியில் அதன் பெயருக்கு 'கொந்தளிக்கும் நீரில் ஓடும் நாய்' என்று பொருள்.

அப்படி எல்லாம் குறைஞ்சு போற அளவுக்கு என்ன ஆச்சு?

பெரும்பாலும் எண்ணெய்க்கும் தோலுக்கும் நடந்த வேட்டை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கப்பல் கப்பலாக வந்து கொன்றார்கள். கரையில் படுத்திருக்கும் சீலால் வேகமாக ஓட முடியாது, கூட்டமாக வேறு இருக்கும், ஒரு தடியோடு போனாலே போதும். யானைச் சீலின் கொழுப்பு விளக்கு எரிக்கும் எண்ணெயாகப் போனது, உரோமச் சீலின் தோல் குளிர்கால உடையாகப் போனது. மத்தியதரைக் கடல் பக்கம் வலையைக் கிழிக்கிறது, மீனைத் தின்கிறது என்ற கோபமும் சேர்ந்துகொண்டது. பின்லாந்தில் சைமா ஏரிச் சீலைக் கொன்றால் பரிசுப் பணமே கொடுத்தார்கள், 1940கள் வரைக்கும்.

வேட்டை நின்ற பிறகும் சில இனங்கள் குறைந்துகொண்டே வந்தன. அது ஏன் என்று நான்காவது கேள்வியில் வருகிறேன்.

வெறும் இருபது சீல்ல இருந்து ஒரு இனமே திரும்பி வந்துச்சுன்னு சொல்றாங்க, நம்பவே முடியலயே?

நடந்த கதைதான், வடக்கு யானைச் சீலுடையது. 19ஆம் நூற்றாண்டு முடியும்போது மெக்சிகோவின் குவாடலூப் தீவில் மட்டும் ஒரு சிறு கூட்டம் எஞ்சியிருந்தது. 1892ல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்காகப் போன குழு அங்கே எட்டுச் சீல்களைப் பார்த்தது. இனி எப்படியும் அழியப் போகிறது, மாதிரியாவது கிடைக்கட்டும் என்று அதில் ஏழைக் கொன்றது. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு கலங்கும்.

ஆனால் அந்த எட்டுதான் மொத்தமும் என்று அவர்கள் நினைத்தது தவறு. யானைச் சீல் ஆண்டில் எட்டு முதல் பத்து மாதம் நடுக்கடலில், ஆழத்தில் இரை தேடிக்கொண்டிருக்கும். எந்த நாளில் தீவுக்குப் போனாலும் கரையில் இருப்பது ஒரு பங்குதான், மீதி வேட்டைக்காரர் கைக்கு எட்டாது. இனத்தைக் காப்பாற்றியது அதுதான். அப்போது உயிரோடு இருந்தவை 20 அளவுக்குக் கீழே போயிருக்கலாம் என்பது மரபணுக் கணக்கில் வந்த மதிப்பீடு. 1922ல் மெக்சிகோ அரசு அந்தத் தீவைக் காப்பிடம் ஆக்கியது, அமெரிக்காவும் பிறகு பாதுகாப்புக் கொடுத்தது. இன்று 2 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன.

எப்படி முடிந்தது என்றால், பத்து ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 20 என்பது 130 ஆண்டில் 1,60,000ஐத் தாண்டிவிடும். அவசரமே இல்லாத வேகம்தான், ஆனால் நடுவில் யாரும் கை வைக்காமல் இருக்க வேண்டும். கடலில் இரை ஏராளமாக இருந்தது, கரைகள் காலியாக இருந்தன, கொல்ல ஆள் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்து அமைந்த இனங்கள் ரொம்பக் குறைவு.

அப்போ வேட்டையை நிறுத்தினா போதும்ல, தானா பெருகிடும்?

யானைச் சீலுக்குப் போதுமானதாக இருந்தது. குவாடலூப் உரோமச் சீலுக்கும் அப்படித்தான், அழிந்தே போனது என்று எழுதி வைத்திருந்தார்கள், 1954ல் கார்ல் ஹப்ஸ் என்ற ஆய்வாளர் அதே தீவின் ஒரு குகையருகே 14 சீல்களைப் பார்த்தார், இப்போது பல ஆயிரம் ஆகிவிட்டன. சிலியின் ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவுகளில் 1960களில் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்ட உரோமச் சீலின் கதையும் இதே வழிதான்.

ஆனால் ஹவாய் துறவிச் சீலைப் பாருங்கள். வேட்டை நின்று பல பத்தாண்டுகள் ஆகி, 1976ல் அமெரிக்கச் சட்டப்படி அழியும் இனம் என்று பட்டியலிட்ட பிறகும், 2010களின் தொடக்கம் வரை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தது. ஏனென்றால் அதைக் கொல்வது ஒரு காரணம் இல்லை. இளம் சீல்களுக்குப் போதிய இரை இல்லை, கடலில் மிதந்து வரும் கிழிந்த வலைகளில் சிக்கிச் சாகின்றன, குட்டிகளைச் சுறா பிடிக்கிறது, தீவுகளே கடலில் கரைகின்றன. மோசமான ஆண்டுகளில் வடமேற்குத் தீவுகளில் பிறந்த ஐந்து குட்டியில் ஒன்றுகூட வளர்ந்து பெரிதாகவில்லை. இப்படிப்பட்ட இனத்துக்குத் 'தொந்தரவு செய்யாமல் விடு' என்பது உதவி ஆகாது, காரணங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துக் குறைக்க வேண்டும்.

ஒரு தடவைக்கு எத்தனை குட்டி போடும்? நிறைய போட்டா சீக்கிரம் ஏறிடுமே?

ஆண்டுக்கு ஒன்று. அதற்கு மேல் கிடையாது, சில ஆண்டுகள் அதுவும் இல்லை. இரட்டைக் குட்டி மிக அரிது.

ஹவாய் துறவிச் சீலின் பிரசவத்தைக் கொஞ்சம் கிட்டே இருந்து பார்ப்போம். தாய் மணல் கரையில் ஏறி, கிட்டத்தட்ட 15 கிலோ எடையில் ஒரு குட்டி ஈனும். கன்னங்கரேலென்று வெல்வெட் மாதிரி ரோமம், தோல் பெரிய சட்டை போட்டதுபோல மடிப்பு மடிப்பாகத் தொங்கும். அடுத்த ஆறு வாரம் தாய் எதுவும் சாப்பிடாது, அந்தக் குட்டியை விட்டு நகராது. தன் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பைப் பாலாக்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். குட்டியின் மடிப்புகள் நிரம்பி, பீப்பாய் மாதிரி உருண்டு, 60 முதல் 90 கிலோ வரை வந்துவிடும். தாய்க்கோ இடுப்பெலும்பு தெரிய ஆரம்பிக்கும். பிறகு ஒருநாள் பசி தாங்காமல் கடலுக்குள் போய்விடும், திரும்பி வராது. இரை பிடிக்க யாரும் குட்டிக்குச் சொல்லித் தருவதில்லை. உடம்பில் இருக்கும் கொழுப்பு தீர்வதற்குள் தானே கற்றுக்கொள்ள வேண்டும். இளம் சீல்கள் அதிகம் சாவது இந்தக் கட்டத்தில்தான்.

ஆகவே எண்ணிக்கையை ஏற்றுவது குட்டிகளின் பிறப்பைவிட, பிறந்தது பிழைப்பதும் வளர்ந்த பெண் சீல் நீண்ட நாள் வாழ்வதும்தான். ஐந்தாறு வயதில் முதல் குட்டி போட்டு இருபது வயதைத் தாண்டி வாழும் ஒரு பெண் சீல் பத்துக்கு மேல் குட்டி தரலாம். அவள் எட்டு வயதில் வலையில் சிக்கிச் செத்தால் இரண்டு மூன்றோடு முடிந்தது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க இடம் இருந்தால், இதை வையுங்கள்.

ஆம்பளை பொம்பளை கணக்கு சரியா இருந்தா போதும்ல, இதுல என்ன பெரிய சிக்கல்?

சின்னக் கூட்டத்தில் அந்தக் கணக்கு சரியாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆயிரம் குட்டி பிறந்தால் பாதிக்குப் பாதி வரும். நாலே குட்டி பிறந்தால் நாலும் ஆணாக இருக்கப் பதினாறில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒரு ஆண்டு அப்படி ஆனால் ஒரு தலைமுறைத் தாய்களே இல்லாமல் போவார்கள். பெரிய கூட்டத்தில் தெரியாமல் கரைந்துவிடும் தற்செயல், சின்னக் கூட்டத்தில் தலையெழுத்தாகிவிடுகிறது.

ஹவாயின் லேசான் தீவில் இது கொடூரமான வடிவில் வந்தது. பெண்களைவிட ஆண்கள் அதிகமாகிப் போனதால், ஆண்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒரே பெண்ணை விரட்டி ஏறும், முதுகுத் தோல் கிழிந்து புண்ணாகி அவள் செத்துப்போவாள் அல்லது சுறாவுக்கு இரையாவாள். ஒரு பெண் சாகச் சாக விகிதம் இன்னும் மோசமாகும். 1994ல் 21 வளர்ந்த ஆண் சீல்களைப் பிடித்து அங்கிருந்து ஹவாயின் மக்கள் வாழும் முதன்மைத் தீவுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அதன் பிறகு அங்கே இந்தச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. சீல் இனத்தைக் காப்பாற்றச் சீல்களையே ஊர் மாற்ற வேண்டி வரும் என்று சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும்.

கடல்ல சுத்துற மிருகத்தை எப்படிச் சரியா எண்ணுறாங்க? சும்மா அடிச்சு விடுறாங்களா?

அடித்து விடுவதில்லை. சின்ன எண்ணிக்கை என்பதால் பல இடங்களில் ஒவ்வொரு சீலையும் தனித்தனி ஆளாகவே தெரியும். ஹவாயில் பால் மறந்த குட்டியின் பின் துடுப்பில் எண் போட்ட பிளாஸ்டிக் வில்லை மாட்டுவார்கள், வெள்ளைத் தழும்பு, சுறாக் கடி வடு எல்லாம் படமாகப் பதிவில் இருக்கும். தூங்கும் சீலின் ரோமத்தில் வெளுக்கும் மருந்தால் எண் எழுதுவதும் உண்டு, அடுத்த ரோம உதிர்வோடு அது போய்விடும், வலி இல்லை. சைமா ஏரிச் சீலின் உடம்பில் இருக்கும் வளைய வளையமான கோலம் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு ஒன்று ஒத்துப் போகாது, படத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். மத்தியதரைக் கடல் துறவிச் சீல் கடற்குகைக்குள் குட்டி போடுவதால் அங்கே தானியங்கிக் கேமரா வைக்கிறார்கள். உள்ளே ஆள் போனால் தாய் பயந்து குட்டியை விட்டுவிடும்.

எல்லாம் ஒரே குடும்பமா ஆயிடும்ல, சொந்தத்துக்குள்ள சேர்ந்தா குறையோட பிறக்காதா?

நியாயமான பயம். யானைச் சீலைப் பற்றி 1974ல் வந்த ஒரு ஆய்வில், ஐந்து இடங்களைச் சேர்ந்த சீல்களின் இரத்தத்தில் 24 மரபணு இடங்களைச் சோதித்தார்கள், ஒன்றில்கூட ஆளுக்கு ஆள் வேறுபாடு தெரியவில்லை. மேலே சொன்ன இருபது உயிர்க் கணக்கோடு இன்னொன்றும் சேர்கிறது. யானைச் சீலில் ஒரு பெரிய ஆண் பல பத்துப் பெண்களைத் தன் வசம் வைத்துக்கொள்ளும், மற்ற ஆண்களுக்கு வாய்ப்பே இருக்காது. ஆக இருபது உயிரோடு இருந்தாலும் அப்பாக்கள் ஒன்றிரண்டு பேர்தான் இருந்திருப்பார்கள். எண்ணிக்கையில் இருப்பது வேறு, அடுத்த தலைமுறைக்கு மரபணு கொடுப்பது வேறு.

அவ்வளவு நெருக்கத்தில் இருந்து வந்தும் யானைச் சீல் லட்சக்கணக்கில் பெருகியது. அதனால் உட்கலப்பு ஒன்றும் செய்யாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிழைத்து வந்த இனத்தைத்தான் நாம் பார்க்கிறோம், அதே நிலையில் இருந்து அழிந்தவை கேள்வி கேட்க நம் முன்னால் நிற்பதில்லை. சமீபத்திய மரபணு ஆய்வுகளிலும் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை, சிலர் பெண் சீல்களின் இனப்பெருக்கத்தில் பாதிப்பு தெரிகிறது என்கிறார்கள், சிலர் உடல்நலத்தில் பாதிப்பு காணோம் என்கிறார்கள். எனக்குப் பெரிய கவலை குறைபாடான குட்டிகள் இல்லை, நோய்தான். ஒரு தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டு என்றால் ஒரு சாவி கிடைத்த திருடனுக்கு மொத்தத் தெருவும் திறந்துவிடும். நோய் எதிர்ப்பு மரபணுக்கள் ஒரே மாதிரி ஆகிவிட்ட இனத்தின் நிலைமை அதுதான்.

இத்தனை இருந்தா பிழைச்சிடும்னு ஒரு நம்பர் இருக்கா?

உயிர்ப் பாதுகாப்புத் துறையில் '50/500' என்று ஒரு பழைய விதி உண்டு. உடனடி உட்கலப்பு ஆபத்தைத் தவிர்க்க இனப்பெருக்கத்தில் பங்கெடுக்கும் உயிர்கள் 50, நீண்ட காலத்துக்கு மாறும் திறனைக் காக்க 500. கவனியுங்கள், மொத்த எண்ணிக்கை இல்லை, இனப்பெருக்கத்தில் பங்கெடுப்பவை. முந்தைய பதிலில் சொன்ன ஆண் யானைச் சீல் கணக்கால் இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருக்கும்.

இதை ஒரு கைவிளக்காக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. காஸ்பியன் கடல் சீல் ஒரு நூற்றாண்டுக்கு முன் பத்து லட்சம் அளவில் இருந்தது, அதில் பெரும்பகுதி போய்விட்டது, இன்றும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, ஆனாலும் அழியும் இனப் பட்டியலில்தான் இருக்கிறது. சைமா ஏரிச் சீல் நூற்றுக்கணக்கில் மட்டுமே உண்டு, ஆனால் மெல்ல ஏறுகிறது. எண்ணைவிட அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

பின்லாந்துல ஆளுங்க பனியைக் குவிச்சு சீலுக்கு வீடு கட்டுறாங்களாமே, நிஜமா?

நிஜம், எனக்கு மிகவும் பிடித்த கதையும் இதுதான். கடைசிப் பனியுகம் முடிந்து நிலம் உயர்ந்தபோது கடலில் இருந்து துண்டிக்கப்பட்டு, சுமார் 9,500 ஆண்டுகளாகச் சைமா ஏரிக்குள்ளேயே வாழும் சீல் இது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கரையோரத்து உறைந்த ஏரிமேல் குவிந்து கிடக்கும் பனிக்குள் அடியிலிருந்து துளை போட்டு ஏறி, வளை தோண்டி, உள்ளே ஐந்து கிலோ அளவில் ஒரு குட்டி போடும். அந்தப் பனிக் கூரைதான் குளிரையும் நரியையும் தடுப்பது. குளிர்காலம் சூடாகிவிட்ட ஆண்டுகளில் பனி குவிவதே இல்லை, குட்டி வெட்டவெளியில் கிடக்கிறது.

அதனால் 2014 முதல் தேவைப்படும் குளிர்காலங்களில் தன்னார்வலர்கள் போய், சீல் வழக்கமாக வரும் கரைகளில் மண்வாரியால் பனியை அள்ளிக் குவித்து, தட்டிக் கெட்டிப்படுத்தி நீளமான மேடு ஆக்குகிறார்கள். அவ்வளவுதான் வேலை. உள்ளே வளை தோண்டுவது சீல். இரவில் அது அடியிலிருந்து வந்து, மனிதன் குவித்ததா காற்று குவித்ததா என்று பார்க்காமல் தோண்டிக்கொள்கிறது. பனி குறைந்த ஆண்டுகளில் குட்டிகளில் பெரும்பகுதி இந்த மேடுகளுக்குள்தான் பிறக்கின்றன. பனியே இல்லாத குளிர்காலத்துக்காகச் செயற்கைக் கூடுகளும் செய்து பார்க்கிறார்கள். 1980களில் 150 அளவில் இருந்த இனம் இன்று 500ஐத் தொட்டிருக்கிறது.

சரி, ஆனா மீனவங்க பிழைப்பு என்னாகுது? சீல் மீனைத் தின்னா நஷ்டம் அவங்களுக்குத்தானே?

நஷ்டம் இருக்கிறது, மறுத்துப் பேசுவதில் பயன் இல்லை. கிழிந்த வலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரிடம் போய் உயிரினப் பன்மையைப் பற்றிப் பாடம் எடுக்கக்கூடாது. மீனவர் ஒத்துழைக்காத இடத்தில் எந்தச் சீல் இனமும் மீண்டதாக எனக்குத் தெரியவில்லை.

சைமாவில் செய்ததைச் சொல்கிறேன். அங்கே குட்டிகளைக் கொன்றது பெரும்பாலும் செவுள் வலை, நீந்தப் பழகும் குட்டி அதில் சிக்கினால் மூச்சுக்கு மேலே வர முடியாது. எனவே ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை, குட்டி வளையை விட்டு வெளியே வரும் அந்தக் காலத்துக்கு மட்டும், சீல் வாழும் பகுதிகளில் வலை போடத் தடை. கூண்டுப் பொறிகளின் வாயைச் சீல் தலை நுழையாத அளவுக்குக் குறுக்கினார்கள். அட்லாண்டிக்கில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதேராவின் டெசெர்டாஸ் தீவுகளில் 1980களின் இறுதியில் மத்தியதரைக் கடல் துறவிச் சீல் எட்டுக்கு மேல் இல்லை, 1990ல் காப்பிடம் ஆக்கி வலைகளை அகற்றிய பிறகு இருபதைத் தாண்டியிருக்கிறது. மெதுவாகத்தான், ஆனால் ஏறுகிறது.

பூனையால சீல் சாகுதுன்னு படிச்சேன், கிளப்பி விட்ட கதைதானே?

இல்லை, உண்மை. பூனைக் குடலில் மட்டும் முட்டைகளை உருவாக்கும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி உண்டு. அதன் முட்டைகள் பூனை மலத்தோடு மண்ணில் விழுந்து, மழைநீரோடு ஓடிக் கடலுக்குப் போய், பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ஹவாயில் வீடற்ற பூனைகள் ஏராளம். 2001 முதல் ஒரு டஜனுக்கு மேற்பட்ட துறவிச் சீல்கள் இதனால் செத்திருக்கின்றன, அதில் பெண்கள் அதிகம். தடுப்பூசி இல்லை, கண்டுபிடிக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். மொத்தமே 1,600 அளவு இருக்கும் இனத்தில் ஒரு பெண் போனால் என்ன ஆகும் என்று, எத்தனை குட்டி போடும் என்ற கேள்வியில் பார்த்தோம்.

பூனையை வெறுக்கச் சொல்லவில்லை. வளர்ப்பவர்கள் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளட்டும், மலத்தைக் கட்டிக் குப்பையில் போடட்டும், திறந்த வெளியில் சோறு வைத்துப் பூனைக் கூட்டத்தைப் பெருக்க வேண்டாம்.

ஒரு தொற்று நோய் வந்தா மொத்தமா போயிடுமா?

போகலாம். 1988ல் வட ஐரோப்பாவில் சீல்களுக்கு வரும் ஒரு வைரஸால் 18,000 அளவில் செத்தன, ஆனால் அந்த இனம் பெரியது, சில ஆண்டுகளில் மீண்டது. 1997ல் மேற்கு சகாரா கரையின் காபோ பிளாங்கோவில் இருந்த 300க்கு மேற்பட்ட மத்தியதரைக் கடல் துறவிச் சீல்களில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டே மாதத்தில் செத்தது. வைரஸா, நச்சுப் பாசியா என்று ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். பெரும்பாலும் வளர்ந்தவை போயின. பழைய எண்ணிக்கைக்கு வர இருபது ஆண்டுகள் பிடித்தன. 2023ல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் பறவைக் காய்ச்சல் வந்து 17,000க்கு மேல் தெற்கு யானைச் சீல் குட்டிகள் செத்தன, அந்த ஆண்டு பிறந்தவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே.

இதனால்தான் ஹவாயில் 2016 முதல் துறவிச் சீல்களுக்கு மார்பிலி வைரஸ் (1988ல் தாக்கிய வைரஸின் வகை) தடுப்பூசி போடுகிறார்கள். நோய் வந்த பிறகு இல்லை, வருவதற்கு முன்னால். கரையில் தூங்கும் சீலை நெருங்கி ஊசி போட்டு, சில வாரம் கழித்து அதே சீலைத் தேடிப் பிடித்து இரண்டாவது ஊசி. ஒவ்வொன்றையும் ஆள் பார்த்து அடையாளம் தெரிந்து வைத்திருப்பது இங்கே உதவுகிறது.

ஒவ்வொண்ணையும் தூக்கி மருந்து போட்டு, சோறு போட்டுக் காப்பாத்துறது இயற்கைக்கு எதிரானது இல்லையா? பலவீனமானது சாகட்டும்னு விடலாமே?

பலவீனமானது சாகிறது என்றால் சரி. இங்கே சாவது நைலான் கயிறு கழுத்தில் மாட்டிய சீலும், தூண்டில் கொக்கியை விழுங்கிய சீலும். அதில் பலம், பலவீனம் எங்கே வருகிறது? நாம் போட்ட குப்பையில் சிக்கியதை நாம் அவிழ்த்துவிடுவதைத் தலையீடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பலனையும் பாருங்கள். இன்று உயிரோடு இருக்கும் ஹவாய் துறவிச் சீல்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு, காப்பாற்றப்பட்டவை அல்லது காப்பாற்றப்பட்ட பெண்ணின் வாரிசுகள் என்று அமெரிக்கக் கடல் மீன்வளத் துறை கணக்கிட்டிருக்கிறது. வலை அறுத்துவிட்டது, மெலிந்த இளம் சீலை 2014ல் திறந்த கே காய் ஓலா மருத்துவமனையில் தேற்றித் திரும்ப விட்டது, சுறா அதிகம் உள்ள கரையில் இருந்து பால் மறந்த குட்டியை வேறு தீவுக்கு மாற்றியது எல்லாம் இதில் சேரும். 2013 முதல் எண்ணிக்கை ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு ஏறுகிறது.

பேசாம பத்து ஜோடியைப் பிடிச்சு மிருகக்காட்சிச் சாலையில வச்சுப் பெருக்கிடலாமே?

இந்தப் பக்கத்தில் சொன்ன ஒரு இனமும் அப்படி மீளவில்லை. பத்து ஜோடியைப் பிடிப்பது என்றால் கடலில் இருந்து பத்து வளர்ந்த பெண்களை எடுப்பது, சின்னக் கூட்டத்துக்கு அதுவே பெரிய அடி. கூண்டில் பிறந்தது வெளியே போனால் எங்கே இரை, எது சுறா என்பது தெரியாது. அதோடு கடலில் சாவுக்குக் காரணமாக இருந்தது அப்படியே இருக்கும்போது பெருக்கி விடுவதில் அர்த்தம் இல்லை.

கரீபியன் துறவிச் சீலும் எங்கேயாவது ஒளிஞ்சு இருக்கலாம்ல, மத்ததெல்லாம் திரும்பக் கிடைச்ச மாதிரி?

இருக்க வேண்டும் என்று நானும் ஒரு காலத்தில் ஆசைப்பட்டேன். 1494ல் கொலம்பஸின் ஆட்கள் எட்டைக் கொன்றதில் இருந்து அதன் எழுத்து வரலாறு தொடங்குகிறது. நம்பத்தகுந்த கடைசிப் பார்வை 1952, ஜமைக்காவுக்கும் நிகரகுவாவுக்கும் நடுவே செரனில்லா திட்டில். பல தேடல்களுக்குப் பிறகு 2008ல் அழிந்தது என்று அமெரிக்க அரசு அறிவித்தது. அதன் மூக்குக்குள் மட்டும் வாழ்ந்த ஒரு சிற்றுண்ணியும் கூடவே போய்விட்டது.

யானைச் சீலுக்கு இருந்த ஒளியிடம் இதற்கு இல்லை என்பது என் எண்ணம். அது கரையோரத்திலேயே வாழ்ந்தது, மனிதர்கள் போய் வரும் தீவுகளில் படுத்தது, அதன் இரையையும் நாம் பிடித்துவிட்டோம். அவ்வளவு கப்பல் போகும் கடலில் 70 ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருக்க முடியாது.

மத்தியதரைக் கடல் சீலை 2023ல பட்டியல்ல இறக்கிட்டாங்களே, அப்போ ஆபத்து முடிஞ்சுதா?

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2015ல் அதை 'மிக அருகிய இனம்' என்பதில் இருந்து 'அருகிய இனம்' ஆக்கியது, 2023ல் 'அழிவாய்ப்புள்ள இனம்' ஆக்கியது. இறக்கம் என்று சொல்லாதீர்கள், அது முன்னேற்றம். கிரீஸில் 1992ல் அலோனிசோஸ் கடல் பூங்கா வந்ததும், பல பத்தாண்டுகள் மீனவர்களோடு உட்கார்ந்து பேசியதும், காபோ பிளாங்கோவில் காவல் போட்டதும் கொடுத்த பலன்.

ஆனால் உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் குறைவுதான், அதுவும் தனித்தனித் துண்டுகளாக. ஒரு துண்டில் இருக்கும் சீல் இன்னொரு துண்டுக்குப் போய்ச் சேர்வதில்லை, ஆக உட்கலப்பும் தற்செயலும் ஒவ்வொரு துண்டையும் தனியாகத்தான் தாக்கும். முன்பு திறந்த மணலில் படுத்த இனம் மனிதனுக்குப் பயந்து குகைக்குள் ஒதுங்கியது, புயல் அலை புகுந்தால் அங்கே குட்டி அடித்துப் போகிறது. காபோ பிளாங்கோவில் சில தாய்கள் திரும்பவும் திறந்த கரையில் குட்டி போடத் தொடங்கியிருப்பதை நான் எந்தப் பட்டியலைவிடவும் பெரிய செய்தியாகப் பார்க்கிறேன்.

எல்லாம் சரி, தீவே முங்கிட்டா இத்தனை உழைப்பும் வீண்தானே?

கஷ்டமான கேள்வி. 2018 அக்டோபரில் வலாகா புயல் ஹவாயின் ஃபிரெஞ்ச் ஃபிரிகேட் திட்டுகளில் இருந்த கிழக்குத் தீவை ஒரே இரவில் கடலோடு கொண்டுபோனது. துறவிச் சீல்கள் வழக்கமாகக் குட்டி போடும் இடம் அது. சீசன் முடிந்திருந்ததால் அந்த ஆண்டுக் குட்டிகளில் பெரும்பாலானவை அதற்குள் கரையை விட்டிருந்தன. அடுத்த ஆண்டு தாய்கள் வந்து பக்கத்தில் எஞ்சிய திட்டுகளில் குட்டி போட்டன, அங்கே சுறா நெருக்கம் அதிகம், குட்டிகளை மாற்றும் வேலையும் அதிகமானது.

இதற்கு விடையாக ஒன்று தானாகவே நடந்துகொண்டிருக்கிறது. உயரமான முதன்மைத் தீவுகளில் முன்பு சீல் இல்லாத அளவுக்குக் குறைவு, இப்போது 400 அளவில் இருக்கின்றன, அங்கே இரையும் நன்றாகக் கிடைக்கிறது. ஆனால் அந்தக் கரைகளில் மனிதர்களும், நாய்களும், தூண்டில்களும், மேலே சொன்ன பூனைகளும் இருக்கின்றன. மூழ்கும் தீவில் இருந்து கூட்டமான தீவுக்கு வருகிறது இந்த இனம்.

கரையில தனியா ஒரு சீல் குட்டியைப் பார்த்தா தூக்கித் தண்ணியில விடணுமா?

வேண்டவே வேண்டாம். சீல் கரையில் படுத்திருப்பது இயல்பு, தூங்குகிறது. குட்டி தனியாக இருந்தால் சில இனங்களில் தாய் இரை தேடப் போயிருக்கும், திரும்பி வரும். நீங்கள் பக்கத்தில் நின்றால் வராது. ஹவாயில் சொல்லும் அளவு இது, தனிச் சீல் என்றால் 15 மீட்டர், தாயும் குட்டியும் என்றால் 45 மீட்டர் தள்ளி நில்லுங்கள். நாயைக் கட்டிப் பிடியுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், மீன் போடாதீர்கள். காயமோ கயிறோ தெரிந்தால் அந்தப் பகுதியின் கடல் விலங்கு மீட்புக் குழுவைக் கூப்பிட்டு, இடத்தைத் துல்லியமாகச் சொல்லி, துடுப்பில் வில்லை இருந்தால் தூரத்திலிருந்து எடுத்த படத்தில் அந்த எண் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அந்த எண் கிடைத்தால் அது யார், எந்தத் தாயின் குட்டி, கடைசியாக எங்கே பார்த்தார்கள் என்பதை அவர்கள் உடனே எடுத்துவிடுவார்கள்.